இணையத் தளப் பொறுப்பும் தொழிற்போட்டிச் சட்டமும் நுகர்வோர் பாதுகாப்பும்: இந்திய வரலாறு

ஓர் இணையத் தளத்தில் பிறர் ஏற்றும் செய்திக்கும் பிறர் விற்கும் பொருளுக்கும் அந்தத் தளம் எவ்வளவு பொறுப்பு என்பதை வரையறுப்பது இடைநிலையாளர் பொறுப்புச் சட்டம். இந்தியாவில் இது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 79ஆம் பிரிவில் உள்ளது. "நான் வெறும் இடைநிலையாளர், இது என் செயல் அல்ல" என்று ஒரு தளம் சொல்லும்போது அதற்குத் துணை நிற்பது இந்தப் பிரிவுதான். அதே தளம் சந்தையில் தனக்குள்ள ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதா என்று போட்டிச் சட்டம், 2002 கேட்கிறது. பொருள் வாங்கியவர் ஏமாற்றப்பட்டாரா என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கேட்கிறது. மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்துடன் எழுதப்பட்டு, மூன்று வெவ்வேறு அமைச்சகங்களின் பொறுப்பில் உள்ளவை.

79ஆம் பிரிவின் வாசகம் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மாறவில்லை. ஆயினும் அது தரும் பாதுகாப்பு அன்றிருந்த அளவில் இன்று இல்லை. மற்ற இரு சட்டங்களும் பக்கவாட்டில் நுழைந்து, "இது பிறர் செயலா, தளத்தின் சொந்தச் செயலா?" என்ற கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுப்பியதே காரணம். இந்த வரலாற்றின் கணிசமான பகுதி சென்னையைச் சேர்ந்த ஒரு திருமணத் தகவல் நிறுவனம் தொடுத்த வழக்குகளில் நடந்தேறியது.

ஒரு கூரையின் கீழ் இருந்தவை

போட்டிச் சட்டமும் நுகர்வோர் சட்டமும் இந்தியாவில் சில காலம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1969ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஏகபோக மற்றும் கட்டுப்பாட்டு வணிக முறைகள் சட்டம் முதலில் பெரும் நிறுவனங்களின் ஆதிக்கத்தையே கவனித்தது. நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 1978இல் அளித்த பரிந்துரைகளைத் தொடர்ந்து, 1984இல் பொய் விளம்பரம் போன்ற நேர்மையற்ற வணிக முறைகளும் அதில் சேர்க்கப்பட்டன. அதன்பின் ஏகபோகப் புகாரையும் ஏமாற்று விளம்பரப் புகாரையும் ஒரே ஆணையம் விசாரித்தது.

1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எஸ். வி. எஸ். ராகவன் தலைமையிலான குழு 2000ஆம் ஆண்டில் பழைய சட்டத்தை நீக்கிவிட்டுப் புதிய போட்டிச் சட்டம் கொண்டுவரவும், நேர்மையற்ற வணிக முறை வழக்குகளை நுகர்வோர் மன்றங்களுக்கு அனுப்பவும் பரிந்துரைத்தது. அதே 2000ஆம் ஆண்டில்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஆதிக்கத்தைத் தடுக்கும் போட்டிச் சட்டப் பிரிவுகள் 2009 மே மாதத்தில் செயல்படத் தொடங்கின. பழைய ஏகபோகச் சட்டம் அதே ஆண்டு செப்டம்பரில் நீங்கியது. விற்பவரையும் வாங்குபவரையும் ஒருசேர ஆளும் இணையத் தளங்கள் வளரத் தொடங்கிய நேரத்தில், இருவரின் புகாரையும் சேர்த்துக் கேட்ட ஒரே இடம் மூடப்பட்டது. அப்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாசி.காம் கைதும் 2008 திருத்தமும்

79ஆம் பிரிவின் முதல் வடிவம் மிகக் குறுகியது. அது தந்த விலக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழான குற்றங்களுக்கு மட்டுமே. இந்தியத் தண்டனைச் சட்டம் முதலியவற்றுக்குப் பொருந்தாது. இதன் விளைவு 2004 டிசம்பரில் தெரிந்தது. பாசி.காம் என்ற ஏல விற்பனைத் தளத்தில் ஒரு மாணவர் ஆபாசக் காணொளி ஒன்றை விற்பனைக்குப் பட்டியலிட்டதற்காக, தளத்தின் தலைமை நிர்வாகி அவ்னீஷ் பஜாஜ் டெல்லியில் கைது செய்யப்பட்டார். அந்த ஆண்டில்தான் அத்தளத்தை அமெரிக்காவின் ஈபே வாங்கியிருந்தது. இணையத் தொழில் துறை முழுவதையும் இந்தக் கைது உலுக்கியது. அவர் மீதான வழக்கை உச்ச நீதிமன்றம் 2012இல்தான் ரத்து செய்தது.

2008 டிசம்பரில் நிறைவேறி 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் நிலைமையைத் தலைகீழாக்கியது. புதிய 79ஆம் பிரிவு, வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லப்பட்டிருந்தாலும், பிறர் தரும் தகவலுக்கு இடைநிலையாளர் பொறுப்பல்ல என்றது. இடைநிலையாளர் என்ற சொல்லின் விளக்கத்தில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், தேடுபொறிகள், இணையவழிச் சந்தைகள் எல்லாம் இடம்பெற்றன. தகவலைத் தேர்ந்தெடுக்காமலும் மாற்றாமலும் இருப்பது, உரிய கவனத்துடன் நடப்பது போன்ற நிபந்தனைகளும் இருந்தன. 81ஆம் பிரிவு பதிப்புரிமைச் சட்டத்துக்கும் காப்புரிமைச் சட்டத்துக்கும் மட்டும் விலக்குத் தந்தது. வணிகச் சின்னம், போட்டி, நுகர்வோர் ஆகிய மூன்றைப் பற்றியும் அதில் ஒரு சொல்லும் இல்லை. போட்டிச் சட்டத்தின் 60ஆம் பிரிவோ, பிற சட்டங்களில் என்ன இருந்தாலும் தானே மேலோங்கும் என்று ஏற்கெனவே கூறியிருந்தது. ஆகவே "எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும்" என்று தொடங்கும் இரண்டு சட்டங்கள் எதிரெதிரே நின்றன.

இத்தகைய விலக்கின் முன்னோடி அமெரிக்காவில் 1996இல் இயற்றப்பட்ட தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தின் 230ஆம் பிரிவு என்பர். இந்தியாவிலும் ஒரு 230ஆம் பிரிவு உண்டு. அது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் உள்ளது. முகவர் தன் முதலாளிக்காகச் செய்யும் ஒப்பந்தத்துக்குத் தாம் பொறுப்பல்ல என்று பொதுவிதி கூறும் அப்பிரிவு, முதலாளியின் பெயரை முகவர் வெளியிடாதபோதும், முதலாளி வெளிநாட்டு வணிகராக இருக்கும்போதும், முதலாளி மீது வழக்குத் தொடர முடியாதபோதும் முகவரே பொறுப்பு எனக் கொள்ளச் சொல்கிறது. கமிஷன் மண்டிகளும் தரகர்களும் பழகிய நாட்டில் இந்த மூன்று விலக்குகளும் புரியாதவை அல்ல. விற்றவர் யாரென்று தெரியாவிட்டால் கைநீட்டிக் காசு வாங்கியவரைத்தானே கேட்க முடியும்! 2008 திருத்தம் இந்தப் பழைய அறிவைத் தொடவேயில்லை. அது மீண்டும் வந்து சேர 12 ஆண்டுகள் ஆயின.

சென்னை வழக்கு

முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய பாரத்மேட்ரிமோனி, தமிழ்மேட்ரிமோனி முதலிய தளங்களை நடத்தும் கன்சிம் இன்ஃபோ நிறுவனம் (பின்னர் மேட்ரிமோனி.காம் எனப் பெயர் மாறியது) 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் கூகுள் மீதும் போட்டித் திருமணத் தளங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. அதன் குறை எளிமையானது. கூகுளில் ஒருவர் அதன் வணிகச் சின்னத்தைத் தட்டச்சு செய்து தேடினால், முடிவுகளுக்குப் பக்கத்தில் போட்டியாளர்களின் விளம்பரம் தோன்றியது. அந்தச் சொல்லையே விளம்பரத்துக்கான குறிச்சொல்லாகப் போட்டியாளர்கள் ஏலத்தில் எடுக்கக் கூகுள் இடமளித்தது. பெயர் ஒருவருடையது, அதை ஏலம்விட்டுக் காசு பார்ப்பவர் வேறொருவர் என்பது வாதியின் வாதம்.

நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் 2010 செப்டம்பரில் இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். 'பாரத்', 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை பொதுவழக்கில் உள்ள, தொழிலை விவரிக்கும் சொற்கள். அவற்றின் சேர்க்கை மீது ஒருவர் முழு உரிமை கொண்டாடுவது கடினம் என்பது அந்த ஆணையின் மையம். விளம்பரத்தை ஏலம்விடும் தேடுபொறி வெறும் இடைநிலையாளர்தானா என்ற பெரிய கேள்விக்கு இந்திய நீதிமன்றங்கள் தெளிவான விடை சொல்ல மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, டி.ஆர்.எஸ். லாஜிஸ்டிக்ஸ் தொடர்ந்த வழக்கில், குறிச்சொல் விளம்பரத்தில் கூகுள் செயலற்ற இடைநிலையாளர் அல்ல, தீவிரப் பங்காளி என்றது. வணிகச் சின்ன மீறல் நடந்தால் 79ஆம் பிரிவின் பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது என்றும் கூறியது. சென்னை வழக்கு தொடங்கி அதற்குள் 14 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இதற்கிடையில் மேட்ரிமோனி.காம் வேறொரு கதவைத் தட்டியது. 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் அளித்தது. ஜெய்ப்பூரின் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் தனியாகப் புகார் செய்தது. ஒரு வணிக நிறுவனத்தின் புகாரும் ஒரு நுகர்வோர் அமைப்பின் புகாரும் ஒரே கோப்பில் இணைந்து விசாரிக்கப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. போட்டிச் சட்டத்தின் முன் கேள்வி மாறிவிட்டது. விளம்பரம் யாருடையது என்பதை விட்டு, தேடல் பக்கத்தில் எது மேலே வரும், எது கீழே போகும் என்பதைத் தீர்மானிப்பது யார் என்று ஆணையம் கேட்டது. அந்த வரிசையை எந்த மூன்றாம் நபரும் அமைப்பதில்லை. 79ஆம் பிரிவு பேசும் "பிறர் தகவல்" என்ற வட்டத்துக்குள் அது அடங்காது.

2018 பிப்ரவரி 8ஆம் தேதி ஆணையம் 4:2 என்ற பெரும்பான்மையில் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. ஆனால் வணிகச் சின்னத்தைக் குறிச்சொல்லாக ஏலம்விடுவது குறித்த குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றது. 2010க்கு முன் சில முடிவுகளைக் குறிப்பிட்ட இடங்களில் நிலையாக வைத்தது, விமானப் பயணத் தேடலில் தன் சொந்தப் பெட்டியை முன்னிறுத்தியது, பிற தளங்களுடனான ஒப்பந்தங்களில் போட்டித் தேடுபொறிகளைத் தடுத்தது ஆகியவையே குற்றங்களாகக் கொள்ளப்பட்டன. கல்யாணத் தகவல் நிறுவனம் கொடுத்த புகாரில் தண்டனை விமான டிக்கெட் பெட்டிக்குக் கிடைத்தது.

சந்தையா, கடையா

இணையவழி விற்பனையில் இதே சிக்கல் அந்நிய முதலீட்டு விதிகளால் இன்னும் இறுகியது. அந்நிய முதலீடு பெற்ற நிறுவனம் பொருளைத் தானே இருப்பு வைத்து விற்கக்கூடாது. வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் சந்தையாக மட்டுமே இருக்கலாம். 2018 டிசம்பரில் வந்த அறிவிப்பு இதை மேலும் கடுமையாக்கியது: ஒரு விற்பனையாளரின் கொள்முதலில் 25 சதவீதத்துக்கு மேல் தளத்தின் குழும நிறுவனங்களிடமிருந்து வந்தால் அவருடைய இருப்பு தளத்தின் கட்டுப்பாட்டில் உள்ளதாகக் கருதப்படும்; ஒரு பொருளைத் தன் தளத்தில் மட்டுமே விற்குமாறு கட்டாயப்படுத்தக் கூடாது. ஆகவே அமேசான், பிளிப்கார்ட் போன்றவற்றுக்கு "நான் கடைக்காரன் அல்ல" என்பது முதலீட்டுக்கான நிபந்தனையாகவும் ஆயிற்று. இரண்டு சட்டங்களுக்கு அதே வாக்குமூலம் தேவைப்பட்டது. மூன்றாவது சட்டம் அதைச் சோதிக்க வந்தது.

சோதனை கைப்பேசியில் தொடங்கியது. டெல்லி வியாபார் மகாசங்கத்தின் புகாரின் பேரில் 2020 ஜனவரியில் அமேசான், பிளிப்கார்ட் மீது விசாரணைக்குப் போட்டி ஆணையம் உத்தரவிட்டது. சில கைப்பேசிகளை ஒரே தளத்தில் மட்டும் வெளியிடுதல், விருப்பத்துக்குரிய சில விற்பனையாளர்களுக்கு முன்னுரிமை தருதல், பெருந்தள்ளுபடி ஆகியவை விசாரணைப் பொருள்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடையால் அது ஓராண்டுக்கு மேல் நின்றது. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்த பிறகே தடை முழுமையாக நீங்கியது.

இந்தக் கைப்பேசிகள் உருவாகும் இடங்களில் முக்கியமானது காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி. 2006இல் நோக்கியா அங்கு உற்பத்தியைத் தொடங்கி 2014இல் மூடியது. பின்னர் ஃபாக்ஸ்கான் முதலிய நிறுவனங்களால் கைப்பேசித் தொழில் மீண்டும் பெருகியது. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தின் பிள்ளைப்பாக்கத்தில் சிப்காட் தொழிற்பூங்காவும், மின்னணுத் தொழில்களுக்கென ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த உற்பத்தித் தொகுதியும் உள்ளன. ஒரு கைப்பேசியைப் பூட்டி இணைக்கும் தொழிலாளிக்கும் அதன் திரையில் எந்தச் செயலி முதலில் தெரிய வேண்டும் என்பதற்கும் தொடர்பில்லை. தொழிற்சாலைக்கும் பெரும்பாலும் இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அதைத் தீர்மானித்தது, கைப்பேசி நிறுவனங்களுடன் கூகுள் செய்துகொண்ட உரிம ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தம் குறித்து 2022 அக்டோபர் 20இல் போட்டி ஆணையம் ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. கூகுளின் செயலித் தொகுப்பு முழுவதையும் முன்கூட்டியே நிறுவுமாறு கட்டாயப்படுத்தியது ஆதிக்கத் துஷ்பிரயோகம் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, ஆணையத்தின் உத்தரவுகளில் நான்கை நீக்கியது. அதற்கு முன்பே 2023 ஜனவரியில், இந்தியாவில் விற்கும் கருவிகளுக்குத் தன் செயலிகளைத் தனித்தனியாக உரிமம் பெறலாம் என்று கூகுள் அறிவித்தது.

குக்கரும் பொறுப்பும்

நுகர்வோர் பக்கத்தில் திருப்பம் 2020 ஜூலையில் வந்தது. அம்மாதம் 20இல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து மின்வணிக விதிகள் அறிவிக்கப்பட்டன. இவ்விதிகளின் 5ஆம் விதியில்தான் இரு சட்டங்களும் வெளிப்படையாகக் கைகோத்தன: இணையவழிச் சந்தை 79ஆம் பிரிவின் விலக்கைக் கோரினால் அப்பிரிவின் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். விற்பனையாளரின் பெயர், முகவரி முதலியவற்றைக் காட்ட வேண்டும். பொருள்களை வரிசைப்படுத்தும் முக்கிய அளவுகோல்களை விளக்க வேண்டும். ஒரே வகை விற்பனையாளர்களிடையே வேறுபாடு காட்டினால் அதையும் சொல்ல வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். முதலாளியின் பெயரை மறைக்காதே என்ற 1872ஆம் ஆண்டு விதியும், வரிசையில் பாரபட்சம் காட்டாதே என்ற போட்டி ஆணையத்தின் கவலையும் நுகர்வோர் விதிகளின் ஒரே பத்திக்குள் வந்துவிட்டன.

வேலைக்காக ஊர்விட்டு வந்தவர்களுக்குப் பெரிதும் பயன்பட்டது இன்னொரு மாற்றம். 1986 சட்டத்தின்படி, எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் இடத்திலோ வழக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் செய்ய முடியும். பெங்களூரிலோ டெல்லியிலோ அலுவலகம் வைத்த தளம் எல்லை குறித்த வாதத்திலேயே மாதங்களைக் கடத்தலாம். 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தின் மாவட்ட ஆணையத்தையே நாட வழிசெய்தது. பிள்ளைப்பாக்கத்தில் வாடகை அறையில் தங்கி ஒப்பந்த வேலை பார்க்கும் ஒருவர், தான் வாங்கிய பொருள் பழுதென்றால், சொந்த ஊருக்கும் நிறுவனத்தின் ஊருக்கும் போக வேண்டியதில்லை. கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணமும் இல்லை.

விதிகள் எப்படிச் செயல்பட்டன என்பதற்கு 2022ஆம் ஆண்டின் குக்கர் ஆணைகள் நல்ல சான்று. வீட்டு பிரஷர் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அந்தத் தரமில்லாத 2,265 குக்கர்கள் அமேசான் வழியாக விற்கப்பட்டதாகவும், அதற்குக் கட்டணமாக அந்நிறுவனம் ரூ.6,14,825.41 பெற்றதாகவும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கண்டது. ஒவ்வொரு விற்பனையிலும் வருவாய் பெறும் நிறுவனம், பிரச்சினை வந்ததும் விலகி நிற்க முடியாது என்றது. வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தருமாறும், ரூ.1 லட்சம் அபராதம் கட்டுமாறும் உத்தரவிட்டது. பிளிப்கார்ட்டுக்கும் 598 குக்கர்கள் தொடர்பாக இதே அளவு அபராதம் விதிக்கப்பட்டது. நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடின. அபராதத் தொகை சிறிது. குக்கர் வெடித்தால் அடுப்படியில் நிற்பவருக்கு ஏற்படும் காயம் அப்படியல்ல.

உயர் நீதிமன்றங்களிடம் ஒருமித்த பார்வை இல்லை. கிறிஸ்டியன் லூபூட்டான் வழக்கில் 2018 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விற்பனையில் தீவிரமாகப் பங்கேற்கும் தளத்துக்கு 79ஆம் பிரிவு பொருந்தாது என்றார். 2020 ஜனவரியில் ஆம்வே வழக்கில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தீவிரம் – செயலற்றது என்ற வேறுபாடு சட்டத்தில் இல்லை என்று கூறியது. குறிச்சொல் வழக்கில் 2023இல் வந்த தீர்ப்பு மீண்டும் முதல் பக்கம் சாய்ந்தது. அமெரிக்காவிலும் இதே ஊசலாட்டம் உண்டு: போட்டியாளரை ஒடுக்கும் நோக்கில் செய்த தடைக்கு 230ஆம் பிரிவு துணை நிற்காது என்று 2019இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது, வெடித்த மடிக்கணினி மின்கலத்துக்கு அமேசானைப் பொறுப்பாக்கலாம் என்று 2020இல் கலிபோர்னியா நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

மூடிய கதவு

மேட்ரிமோனி.காம் 2023இல் மீண்டும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது, இம்முறை வேறு பல இந்திய நிறுவனங்களும் வழக்குத் தொடுத்தன. கூகுள் பிளே ஸ்டோரில் செயலி வைத்திருப்பவர்கள் செயலிக்குள் நடக்கும் விற்பனைக்கு 15 முதல் 30 சதவீதம் வரை கட்டணம் தரவேண்டும் என்பது பொது நிலை. 2022 அக்டோபர் 25இல் போட்டி ஆணையம் இந்தக் கட்டண முறைக்காக ரூ.936.44 கோடி அபராதம் விதித்து, பிற கட்டண வழிகளை அனுமதிக்கச் சொன்னது. கூகுள் அனுமதித்தது, ஆனால் பிறர் வழியே பணம் பெற்றாலும் 11 முதல் 26 சதவீதம் தரவேண்டும் என்றது. இது ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் என்று வாதிட்டு நிறுவனங்கள் உரிமையியல் வழக்குத் தொடுத்தன.

2023 ஆகஸ்டில் நீதிபதி எஸ். சௌந்தர் அவற்றின் வழக்குரைகளை நிராகரித்தார். குறை எந்தச் சொற்களில் சொல்லப்பட்டாலும் அதன் உள்ளடக்கம் ஆதிக்கத் துஷ்பிரயோகமே. அதை விசாரிக்கும் அதிகாரம் போட்டி ஆணையத்துக்கே உண்டு. போட்டிச் சட்டத்தின் 61ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்றத்தை விலக்குகிறது என்பது முடிவு. 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. சட்டப்படி இது ஏற்கத்தக்க முடிவே. ஆனால் ஆணையத்தின் விசாரணை ஆண்டுக்கணக்கில் நடக்கும். இடைப்பட்ட காலத்தில் தடை கேட்டு வழக்கமாக ஓடும் நீதிமன்றக் கதவு இதனால் மூடிக்கொண்டது.

விளைவு இரண்டே மாதத்தில் வந்தது. 2024 மார்ச் 1ஆம் தேதி பாரத்மேட்ரிமோனி உள்ளிட்ட பல செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியது. ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட, சில நாள்களில் அவை திரும்பின. 15 ஆண்டு வழக்காடிய நிறுவனத்துக்கு அன்று உடனடி நிவாரணம் தந்தது தீர்ப்பு அல்ல, அமைச்சருடனான பேச்சுவார்த்தை. அதே மாதம் 15ஆம் தேதி புதிய கட்டண முறை குறித்துப் போட்டி ஆணையம் விசாரணைக்கு ஆணையிட்டது. ஆனால் இடைக்கால நிவாரணம் தரவில்லை. பழைய ரூ.936.44 கோடி அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் ரூ.216.69 கோடியாகக் குறைத்தது.

குற்றம் நடந்தபின் விசாரிப்பதற்குப் பதிலாகப் பெருந்தளங்களுக்கு முன்கூட்டியே கடமைகளை விதிக்கும் வரைவு மசோதா ஒன்றை, ஒன்றிய அரசு நியமித்த குழு 2024 மார்ச்சில் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய எண்ணிமச் சந்தைகள் சட்டத்தை ஒட்டிய முயற்சி இது. நுகர்வோர் பக்கத்தில், விற்பனையாளர் பொருளைத் தராவிட்டால் தளமே பொறுப்பேற்க வேண்டும் என்ற திருத்த வரைவு 2021 ஜூனில் வெளியாகி, கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.